இரண்டாம் கட்டத்துக்கு விடப்பட்டவர்கள்

இன்று காலை பல்கலைக்கழகக் கருத்தரங்கு மண்டபத்துக்குள் நுழைந்தபோது, வாசலில் தொங்கிய கோட்டுகளிலிருந்து நனைந்த கம்பளியின் மணம் வந்தது. பனி உருகும் நாட்களில் மொன்றியலின் எல்லா மண்டபங்களிலும் இருக்கிற மணந்தான். எனக்கு, இதே மண்டபத்தில் நீர் போஸ்னியாவைப் பற்றிப் பேசிய பிற்பகல் ஞாபகம் வந்தது. நீர் காலமாகி இரண்டு குளிர்காலங்கள் கழிந்துவிட்டன.

நாம் இருவரும் சட்டம் படித்தது இங்கேதான். நான் இந்நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் குடிவரவு வழக்குகளோடு நின்றுவிட்டேன். நீர் போருக்குப் பிந்தைய ஒப்பந்தங்களின் பக்கம் போனீர். போஸ்னியாவில் போரை நிறுத்திய ஒப்பந்தத்துக்குள்ளேயே அந்த நாட்டின் அரசியலமைப்பும் எழுதப்பட்டிருந்தது. மூன்று இனங்கள், இனத்துக்கு ஒரு தலைவர். மூன்றிலும் சேராதவர்கள் ‘மற்றையோர்’. அவர்கள் தலைமைப் பதவிக்குப் போட்டியிட முடியாது. இதைத் திருத்த ஆலோசனை சொல்லும் ஒரு குழுவில் நீர் இருந்தீர். பாராளுமன்ற விதிகளை முதலில் மாற்றுவோம், தலைமைப் பதவியை இரண்டாம் கட்டத்துக்கு விடுவோம் என்றது உமது வரைவு. அதிகம் கை வைத்தால் மறுபடியும் சண்டை வரும் என்று குழு பயந்தது. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அன்று நீர் வரைவை விளக்கி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழும்பினார். ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டில் பல் வைத்தியர், போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் பிறந்தவர். தகப்பன் ஓர் இனம், தாய் இன்னோர் இனம். அங்கே நகரசபையில் இருக்கும் தன் தங்கை தலைமைப் பதவிக்கு நிற்பதென்றால், பெற்றோரில் ஒருவரை இல்லையென்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். பிறகு, அந்த இரண்டாம் கட்டம் எப்போது என்று அமைதியாகக் கேட்டார். நீர் அந்தக் கேள்வியை வரைவின் ஓரத்தில் எழுதிக்கொண்டீர்.

இடைவேளையில் நடைபாதையில் வைத்துச் சொன்னீர்: “அந்த மனுசன் கேட்டது சரி. ஒருக்காலும் இல்லை எண்டுறதைத்தான் நான் இரண்டாம் கட்டம் எண்டு எழுதியிருக்கிறன்.”

“இப்ப ஒண்டும் கதையாதேயும். குழுவுக்குள்ள இருந்தால்தானே பேந்து ஒருநாள் மாத்தலாம்” என்றேன்.

“பேந்து எண்டுதானே அவையளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறம்.”

உள்ளே போய் உமது வரைவை நீரே மீளப் பெற்றீர். தலைமைப் பதவியைத்தான் முதலில் திருத்த வேண்டும் என்றீர். குழுவின் அறிக்கை வெளிவந்தபோது அதில் உமது பெயர் இல்லை. அதன் பிறகு அப்படியான குழுக்களிலிருந்து அழைப்புகளும் வரவில்லை. கவலையா என்று ஒரு நாள் கேட்டேன். “ஓம், இருக்கு. ஆனால் நித்திரை வருது” என்றீர்.

தலைமைப் பதவி பற்றிய அந்த விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. உமது இறுதிச் சடங்குக்குப் பல் வைத்தியர் வந்திருந்தார். தங்கை கொடுக்கச் சொன்னதாக ஒரு பூங்கொத்தை வைத்துவிட்டு, அதிகம் பேசாமல் போனார்.

இன்றைய கருத்தரங்கில் வேறொரு நாட்டின் சமாதான ஒப்பந்தத்தைப் பற்றி ஓர் அதிகாரி விளக்கினார். ‘ஏனைய பிரிவினர் குறித்துப் பின்னர் பரிசீலிக்கப்படும்’ என்ற வரி திரையில் வந்தது. அதை அவர் கடந்து போகும்போது நான் எழுந்து, அந்த ஏனைய பிரிவினர் யார் யார் என்று கேட்டேன். அவர் தாள்களைப் புரட்டினார். மற்றவர்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். நான் உட்காரவில்லை.