பதினாலு புள்ளியும் ஒரு பூச்சியமும்

என் பிடிவாதக்கார மச்சாளுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. உங்களவர், என் அண்ணை, இப்போது தானே சமைக்கிறார். உப்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அதை விடுங்கள், நான் எழுத உட்கார்ந்தது அந்தப் பூச்சியத்தைப் பற்றி.

ஊரை விட்டு வந்து ஈஸ்ட் ஹாமில் மாலை இரசாயன வகுப்புக்கு நாம் இருவரும் சேர்ந்தது மருந்தாளர் படிப்புக்கு இடம் பிடிக்கத்தானே. அதற்கு விரிவுரையாளரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். முதல் சோதனையில் மெதனோலின் லூயிஸ் கட்டமைப்பைக் கேட்டார்: எந்த அணு எதனோடு பிணைந்திருக்கிறது என்று வெளி இலத்திரன்களைக் குறித்துக் காட்டும் படம். ஊரில் படித்தபடியே நீங்கள் எல்லாவற்றையும் புள்ளியாக வைத்தீர்கள். அவருக்கோ ஓர் அணுவின் இலத்திரன் புள்ளி என்றால் பக்கத்து அணுவுடையது புள்ளடியாக, குறுக்கே வெட்டிய இரண்டு கோடாக, இருக்க வேண்டும். எதை யார் கொண்டு வந்தது என்று தெரிய வேண்டுமாம்.

பூச்சியம் போட்டார். புள்ளடி போட்டுத் திருப்பிக் கீறினால் மார்க் தருவதாகச் சொன்னார். நீங்கள் கீறவில்லை. பஸ்ஸில் என்னிடம்தான் கொதித்தீர்கள்.

"சேர்ந்தாப் பிறகு அது ரெண்டு பேருக்கும் சொந்தம் மச்சாள். சொதிக்குள்ளை விட்ட பால் ஆரின்ரை தேங்காயிலை வந்தது எண்டு ஆருக்கும் பிரிச்சுக் காட்ட ஏலுமே?"

நானோ பக்கத்து மேசையில் சத்தமில்லாமல் புள்ளடி போட்டு முழு மார்க் வாங்கியவள். அதை நீங்கள் ஒருநாளும் குத்திக்காட்டவில்லை. ஏன் மச்சாள்? ஒரு வார்த்தை ஏசியிருக்கலாமே.

உங்களுக்குக் கடிதம் கிடைக்கவில்லை. பிறகு நோய் வந்தது. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள், "பாவம், ஒரு சோதினையும் பாஸ் பண்ணேல்லை" என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறினேன்.

போன வியாழன் கடைசிச் சோதனை. அதே மெதனோல். காபனில் நாலு, ஒட்சிசனில் ஆறு, நாலு ஐதரசனிலும் ஒவ்வொன்று, ஆகப் பதினாலு. ஐந்து பிணைப்புக்குப் பத்து, மிச்சம் இரண்டு சோடி ஒட்சிசனிலேயே. இந்தமுறை நானும் எல்லாம் புள்ளியாகவே வைத்தேன்.

வகுப்பு முடியக் கூப்பிட்டார். எண்ணிக்கை சரி, ஆனால் எது காபனுடையது என்று தெரியவில்லையே என்றார். "நீங்களே தொட்டுக் காட்டுங்கள், பார்ப்போம்" என்றேன், ஆங்கிலத்தில்தான். அவர் விரல் தாளுக்கு மேல் வந்து திரும்பிப் போனது. புள்ளடி எண்ணிப் பார்க்க ஒரு வசதிதான் என்று இழுத்தார். புள்ளடியோடு கீறித் தந்தால் என் கடிதம் இன்றைக்கே என்றார்.

பையிலிருந்து உங்கள் பழைய சோதனைத் தாளை எடுத்து என்னுடையதற்கு மேல் வைத்தேன். "முதலில் இந்தப் பூச்சியத்தை வெட்டுங்கள்."

செத்தவருக்கு மார்க் எதற்கு என்று கேட்டார். சரியாகக் கீறியவருக்கு என்றேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம். நானும் அந்த ரயில்தான் என்று கோட்டை மாட்டினேன். நம் வீடு எதிர்ப்பக்கம் என்பது அவருக்குத் தெரியுமா? இறங்கும்வரை அவர் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்திருந்தார், நான் உங்கள் தாளை மடியில் விரித்தபடி எதிரே இருந்தேன்.

இன்னும் வெட்டவில்லை. வருகிற வியாழனும் போவேன், அதற்கடுத்ததும் போவேன். கடிதம் தராவிட்டால் வேறு கல்லூரியில் முதலிலிருந்து தொடங்குவேன். உங்கள் பூச்சியம் போகும்வரை என் கையால் ஒரு புள்ளடி விழாது.

வாய் திறந்துவிட்ட,
உங்கள் மச்சாள்