காய்ச்சல் எதுவும் இல்லை

நாகமலை புதுக்கோட்டை
9.12.2024

அஸ்வினி அப்பாவுக்கு,

சௌக்கியம்தானே? தறிச் சத்தத்தில் போன உங்கள் காதுக்குப் போனில் கத்த எனக்குத் தெம்பில்லை. அதனால் சாப்பாட்டுக் கேரியரோடு இந்தக் காகிதத்தையும் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன். நான் மகள் வீட்டுக்கு வந்து பதினெட்டு நாளாகிறது. நீங்கள் நிமோனியா தடுப்பூசி போட்டுக்கொள்கிற வரைக்கும் செல்லூர் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். எழுபத்திரண்டு வயது, சர்க்கரை, அதற்கு மேல் பீடி! முப்பத்து நான்கு வருஷம் கிராமம் கிராமமாகப் போய் ஊசி போட்ட நர்ஸ் நான். என் வீட்டு மனுஷன் ஒருத்தர்தான் கையை நீட்ட மாட்டேன் என்கிறார். வெட்கக்கேடு.

படுக்கும்முன் பல்செட்டைக் கழற்றிக் கழுவி வையுங்கள். படுத்துக்கொண்டே சாப்பிடாதீர்கள், புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும்.

தங்கப்பொண்ணு

செல்லூர்
11.12.2024

தங்கத்துக்கு,

நன்றாகத்தான் இருக்கிறேன். பக்கத்து வீட்டு விருமாண்டி ஏதோ ஊசி போட்டு இரண்டு நாள் கையைத் தூக்க முடியாமல் கிடந்தான். "அண்ணே, அந்தப் பக்கமே போயிராதீக" என்கிறான். நீ கோபித்துக்கொண்டு போனால் நான் பயந்துவிடுவேனா?

லேசாக இருமல். அது பீடி இருமல். தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் எதுவும் இல்லை. நேற்றுக் கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு அம்புட்டுத் தூக்கல். வேண்டுமென்றே போட்டாயா?

கருத்தக்கண்ணன்

நாகமலை புதுக்கோட்டை
14.12.2024

அஸ்வினி அப்பாவுக்கு,

நேற்றும் இன்றும் கேரியர் தொடாமல் திரும்பி வந்திருக்கிறது. அயிரை மீன் குழம்பு! அதையுமா? என்ன, உண்ணாவிரதமா? "மாமா படுத்தே கெடக்காரு அத்தை. எழுப்புனா மொகத்தத் திருப்பிக்கிறாரு" என்று மாப்பிள்ளை சொல்கிறார். இம்புட்டு வீம்பு ஆகாது. நாளைக்கு வெறும் ரசம் சோறுதான் வரும். யார் முதலில் இறங்கி வருவது என்று பார்த்துவிடலாம்.

ஆனால் எனக்கு இங்கே ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். "உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று அஸ்வினி கேட்கிறாள். என்னவென்று சொல்வது?

தங்கப்பொண்ணு

செல்லூர்

தங்கம்,

அஸ்வினி பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாளா? தறிப் பட்டறையில் சங்கு ஊதிவிட்டான். சட்டையைக் காணவில்லை. நீ மீட்டிங் முடிந்து எந்த பஸ்ஸில் வருகிறாய்? காய்ச்சல் எதுவும் இல்லை. சீக்கிரம் வா

ஆஸ்பத்திரி
19.12.2024

என் ராசாவுக்கு,

நாற்பத்தைந்து வருஷத்தில் இப்படி எழுதியதில்லை. சிரிக்காதீர்கள், இருமல் வரும்.

மாப்பிள்ளை கொண்டுவந்த உங்கள் கடைசிக் கடிதத்தைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. வேலை வேலை என்று அந்தக் காலத்தில் நான் ஓடியதைக் குத்திக்காட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் வரிகள் கோணல்மாணலாக இருந்தன. தேதி இல்லை, உங்கள் பெயர் இல்லை. செருப்புக்கூடப் போடாமல் ஆட்டோ ஏறினேன். வாட்சை வைத்து எண்ணினேன், நிமிஷத்துக்கு முப்பத்தாறு மூச்சு. உடம்பு சில்லென்று இருந்தது. இரண்டு நுரையீரலிலும் சளி கட்டியிருக்கிறது என்றார்கள்.

வயசானவர்களுக்குக் காய்ச்சல் வராமலே நிமோனியா வரும், சோறு வேண்டாம் என்பார்கள், அசந்து படுத்தே கிடப்பார்கள், பேச்சு தடுமாறும் என்று எத்தனை வீட்டு வாசலில் நின்று சொல்லியிருப்பேன்! அத்தனையும் எனக்கு நீங்கள் அனுப்பினீர்கள். நான் கோபம் என்று படித்தேன். பாவி நான்.

மாஸ்க்கைக் கழற்றக் கூடாது, பேசவும் கூடாதாம். நோட்டும் பேனாவும் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். நீங்கள் ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் நான் செல்லூருக்கு வாரேன்.

உங்கள் தங்கம்

21.12.2024

தங்கம்,

பன்னிரண்டாம் தேதியே மூச்சு முட்டியது. எழுதினேன். எழுதினால் நீ ஜெயித்துவிடுவாய் என்று கிழித்துப் போட்டேன். அதற்கப்புறம் சரியாக ஞாபகம் இல்லை.

உடம்பு தேறியதும் ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். போடச் சொல். பீடியையும் விட்டுப் பார்க்கிறேன். நேற்றுக் கண் முழித்தபோது பக்கத்தில் ஒரு பொம்பளை அழுதுகொண்டிருந்தாள். யாரென்று கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

ஓரமாக உட்காராதே. நான் பார்க்கிற மாதிரி எதிரில் உட்கார்.

கருத்தக்கண்ணன்