எதுவும் கிடைக்கவில்லை

ஸ்விஷ்தோவ்,
4 நவம்பர் 2018

அன்புள்ள திரிஃபோனுக்கு,

நெவேனா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் இரண்டு நாள் மேசையில் போட்டு வைத்திருப்பாய். பரவாயில்லை, இப்போதாவது பிரித்தாயே. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அலுவலக மின்னஞ்சலில் என் பெயரையே அழித்துவிட்டார்கள். அதனால்தான் காகிதம். வைத்த இடத்தில் இருக்கும், தேடினால் கிடைக்கும்.

நான் இங்கே என் அக்கா வீட்டில் இருக்கிறேன். காய்கறி பதப்படுத்தும் தொழிற்சாலையில் ஜாடிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். தானியக் கிடங்கில் பத்தொன்பது வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவளுக்கு, லேபிள் கோணலாகப் போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் ருமியானா சௌக்கியமா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டைக் காலி செய்யப் போன மாதம் ரூசேக்கு வந்திருந்தேன். படிக்கட்டில் கெர்கானாவைப் பார்த்தேன். மேல்மாடிக்காரி, அக்கா அக்கா என்று என் சமையலறையிலேயே கிடந்தவள். நம் கிடங்கில் நிறுத்தி வைத்திருந்த, தானியம் ஏற்றும் மூன்றாம் நம்பர் பெல்ட் தானாகப் பின்னால் உருண்டு அவள் புருஷன் அசேனின் வலது கையை வாங்கி இருபது மாதம் ஆகிறது. சௌக்கியமா என்று கேட்டேன். "பிரேக் பழுதுன்னு ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தே. எங்கிட்ட வந்து சௌக்கியம் கேக்குறியா?" என்றாள். 'அக்கா' என்ற சொல் போய்விட்டது, கவனித்தாயா? மேலே கதவைத் திறந்து அசேன் நின்றான். பிறகு கதவை மூடிக்கொண்டு உள்ளே போனான். அவள் திட்டியதைவிட அதுதான் தாங்க முடியவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, திரிஃபோன். விபத்துக்கு முந்தைய மாதம், பிப்ரவரியில், அந்த பிரேக் சரியில்லை, பெல்ட்டை நிறுத்து என்று, நிறுத்தும் அதிகாரம் இருந்த உனக்கு மின்னஞ்சல் எழுதினேன். தேதி நினைவில்லை, நான் அனுப்பியவற்றை விசாரணைக்கு முன்பே அழித்துவிட்டார்கள். எழுதியது நினைவிருக்கிறது. நீ விசாரணைக் குழுவிடம், தேடிப் பார்த்தேன், அப்படி ஒன்று வரவே இல்லை என்றாய். 'எதுவும் கிடைக்கவில்லை' என்று திரையில் வந்ததை அச்செடுத்துக் கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாய். அந்த ஒரு தாளில் என் வேலை போயிற்று, கோர்ட்டில் தண்டனையும் வந்தது. சிறைக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு முறை தேடு. கோர்ட்டுக்காகக் கேட்கவில்லை. அசேனிடம் காட்ட வேண்டும்.

உன் பழைய தோழி,
நெவேனா


ரூசே,
18 நவம்பர் 2018

அன்பான நெவேனாவுக்கு,

இரண்டு நாள் இல்லை, நான்கு நாள் மேசையில் கிடந்தது. என்னை நீ எப்போதுமே கொஞ்சம் உயர்வாகத்தான் நினைப்பாய்.

நாங்கள் நலம். முழங்கால் மழைக்கு முந்தின நாளே சொல்லிவிடுகிறது. ருமியானா உனக்கு முத்தங்கள் சொல்லச் சொன்னாள்.

நீ கேட்டபடி தேடினேன். சத்தியமாகத் தேடினேன். உனக்குத்தான் தெரியுமே அந்த மின்னஞ்சல் தேடல் பெட்டியின் லட்சணம். 'பிரேக்' என்று அடித்தேன். கேன்டீனில் அவரைக்காய் சூப் தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. 'மூன்றாம் பெல்ட்' என்று அடித்தேன். 2011-ல் நான் தொலைத்த குடையைப் பற்றி நானே எழுதிய கடிதம் வந்தது. 'நெவேனா' என்று அடித்தால் வர்ணா நகரத்தில் பெயிண்ட் விற்கிற எவளோ ஒரு நெவேனாவிடமிருந்து நாற்பது கடிதம். மறுநாள் அதே பெயரை அடித்தேன், அந்த நாற்பதும் காணோம். கம்ப்யூட்டர் பிரிவு பிளாமெனைக் கூப்பிட்டுக் கேட்டால், "சார், நீங்க தேடுறத அது தேடாது. அது தேடுனத நீங்க எடுத்துக்கணும்" என்கிறான். சிரிக்காமல் சொல்கிறான்.

அதோடு உன் பழக்கம் வேறு. புதுக் கடிதம் என்று ஒன்றை நீ திறந்து எழுதியதுண்டா? என்னிடமிருந்து கடைசியாக வந்தது எதுவோ அதற்கே பதில் போடுவாய். தீயணைப்புக் கருவிக் கணக்கை, என் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்ற கடிதத்தின் அடியில் அனுப்பியவள்தானே நீ! அதை யார் கண்டுபிடிக்க முடியும்?

எனவே கிடைக்கவில்லை. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அசேனுக்கு ஓய்வூதியம் வருகிறது.

என்றும் அன்புடன்,
திரிஃபோன்


ஸ்விஷ்தோவ்,
1 டிசம்பர் 2018

திரிஃபோன்,

உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். குடை வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் அறையில் நாம் எதிரெதிரே உட்கார்ந்திருந்த ஒன்பது வருஷமும் அந்தப் பெட்டியை நீ திட்டாத நாள் கிடையாது. "இது குருடு, நெவேனா! மூக்குக்கு முன்னால இருக்குறது தெரியாத குருடு!" என்று மேசையைத் தட்டுவாய். நீயே கொடுத்த விடுப்பு விண்ணப்பத்தை அது இல்லை என்று சொன்னபோது, கத்தையை உதறுகிற மாதிரி ஒவ்வொரு கடிதமாக இறக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தாய். ஒன்றரை நாள் உட்கார்ந்தாய். ஐந்து நாள் விடுப்புக்காக.

அந்தப் பெட்டி சொன்னதை நீ வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் நம்பியிருக்கிறாய். அன்றைக்கு விஷயம் என்னைப் பற்றியது.

விசாரணைக் குழுத் தலைவர் உன்னைக் கேட்டதை நான் மறக்கவில்லை. "கடுதாசி இருக்கா, இல்லியா?" "தேடிட்டேன் சார், ஒண்ணும் வரல." "வரலன்னா இல்லதான?" நீ கொஞ்சம் யோசித்தாய். என்னைப் பார்க்காமல் யோசித்தாய். பிறகு, "ஆமா சார், இல்லதான்" என்றாய். ஒரு முறை என் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றாய், ஒரு முறை எனக்கு எதிராக நின்றாய். இரண்டு முறையும் ஒரே கோட்டுதான் போட்டிருந்தாய் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் கேட்பது இதுதான்: பெட்டியில் எதையும் அடிக்காதே. 2017 பிப்ரவரிக்குப் போ. மின்னஞ்சலில் உள்ள எல்லா உறைகளையும் திற, கண்ணால் பார். விடுப்புக்குக் கொடுத்த ஒன்றரை நாளை அசேனின் கைக்குக் கொடு.

நெவேனா


ரூசே,
22 டிசம்பர் 2018

அன்பான நெவேனா,

கோபமாக எழுதியிருக்கிறாய். உனக்கு உரிமை உண்டு, வாங்கிக்கொள்கிறேன். கோட்டு விஷயம் மட்டும் அநியாயம். கல்யாணக் கோட்டில் இப்போது என் ஒரு கை கூட நுழையாது.

வருஷக் கடைசி, இங்கே தலைக்கு மேல் வேலை. என்னைத் துணை இயக்குநர் ஆக்கியிருக்கிறார்கள், கேள்விப்பட்டிருப்பாய். நான் கேட்டு வாங்கவில்லை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம்தான். பிளாமெனிடம் கேட்டேன், பழைய கடிதங்கள் எங்கே என்று. பாதி வேறு எங்கோ மாற்றப்பட்டுவிட்டதாம். அவரவர் பெயருக்குரிய புனிதரின் திருநாளில் வருகிற பெயர் நாள் வாழ்த்துகளுக்கு அவன் ஒரு தனி உறை செய்து வைத்திருக்கிறான், அவை தாமாகவே அதற்குள் போய் விழுந்துவிடும். இல்லாவிட்டால் அலுவலகத்தில் இருக்கிற இத்தனை இவான்களின் நாளில் நாம் மூழ்கிப்போவோம் என்கிறான். நியாயம்தான். எல்லாவற்றையும் பார்க்கிறேன். விடுமுறையில் ஆள் இருக்க மாட்டார்கள், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். உனக்கு வாக்கு.

நீயும் ஒரு வாக்குக் கொடு. போன வருஷம் என் பெயர் நாளுக்கு நீ வரவில்லை. நம் வழக்கப்படி அன்றைக்கு வீட்டுக்கு யாரையும் அழைப்பதும் கிடையாது, வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் கிடையாது. பிப்ரவரி ஒன்றாம் தேதி என் கதவு திறந்தே இருக்கும். வழக்கை வெளியே விட்டுவிட்டு வா. ருமியானா கோஸ் சுற்றிய இறைச்சி செய்வாள், ஒயின் இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகளோடு,
உன் திரிஃபோன்


ரூசே,
12 ஜனவரி 2019

நெவேனாவுக்கு,

சொன்னபடி பார்த்தேன். விடுமுறையில் மூன்று நாள். பிப்ரவரி முழுவதையும் ஒவ்வொன்றாக, கண்ணால் பார்த்தேன். உன் கடிதம் இல்லை. இனி என்னால் செய்ய ஒன்றுமில்லை, தயவு செய்து இதை இத்தோடு விடு.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், வருத்தப்பட்டாலும் சரி. பிரேக் கட்டை நகத்தளவுக்குத் தேய்ந்துவிட்டது என்றால், அதை யாராவது கடிதத்தில் எழுதிவிட்டுச் சும்மா இருப்பார்களா? எழுந்து எதிரே இருந்த என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டாமா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்க வேண்டாமா? ஒரு நாளைக்கு இருநூறு கடிதம் வருகிறது எனக்கு. பழியை முழுக்க என் தலையில் கட்டாதே. நானும் தூங்கி நாளாகிறது.

ருமியானாவுக்கு இந்தக் கடிதங்கள் பிடிக்கவில்லை. இனி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தி. போன்செவ்


ஸ்விஷ்தோவ்,
24 ஜனவரி 2019

திரிஃபோன்,

இனி எழுத மாட்டேன். இது ஒன்றுதான்.

நகத்தளவு.

அந்தச் சொல்லை நான் விசாரணைக் குழுவிடம் சொல்லவில்லை, கோர்ட்டில் சொல்லவில்லை, என் வக்கீலிடமோ அக்காவிடமோ சொல்லவில்லை. உனக்கு எழுதிய இந்தக் கடிதங்களிலும் இல்லை, என்னிடம் நகல் இருக்கிறது. பிரேக் சரியில்லை என்று மட்டும்தான் சொன்னேன். ஏனென்றால் நான் எழுதிய வாசகம் எனக்கே மறந்துபோயிருந்தது. உன் கையெழுத்தில் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. 'கட்டை நகத்தளவுக்குத் தேய்ந்துவிட்டது, இன்றைக்கே நிறுத்து.' அது ஒரே ஓர் இடத்தில்தான் எழுதியிருக்கிறது. நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய்.

அந்தச் சொல் கையில் கிடைத்ததும் அந்த நாளும் கூடவே வந்தது. உன் பெயர் நாள். பன்னிரண்டு மணிக்கு என் மேசைக்கு வாருங்கள், ஒயினும் பனித்ஸா பலகாரமும் இருக்கிறது என்று எல்லாருக்கும் நீ எழுதியிருந்தாய். நான் என் வழக்கப்படி அதற்கே பதில் போட்டேன். வாழ்த்து ஒரு வரி, பிரேக் இரண்டு வரி. தலைப்பில் பெயர் நாள் என்று இருந்ததால் அது பிளாமெனின் வாழ்த்து உறைக்குள் போய் விழுந்துவிட்டது. பெட்டி அங்கே தேடாது போலிருக்கிறது. சரி, பெட்டி குருடு. நீ குருடில்லை. நான் பெல்ட்டிலிருந்து திரும்பி வந்தபோது கையில் கிளாஸோடு சொன்னாய்: "படிச்சிட்டேன், படிச்சிட்டேன்! இன்னிக்கு என் நாளு, நெவேனா. பிரேக்கெல்லாம் நாளைக்கு. இந்தா, கிளாஸப் பிடி."

நான் பிடித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், மறைக்கப்போவதில்லை. மறுநாள் போய் மறுபடி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நாளைக்கு என்று நீ சொன்னது போதும் என்று இருந்துவிட்டேன். என் பங்கு அவ்வளவு, அதற்கு நான் ஆயுசுக்கும் வெட்கப்படுவேன். ஆனால் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நானில்லை.

விசாரணையின்போது நீ மறந்திருந்தாய் என்றே வைத்துக்கொள்கிறேன். அதை மன்னித்திருப்பேன், திரிஃபோன். நிஜமாகவே மன்னித்திருப்பேன். விடுமுறையில் அதைத் திறந்து படித்துவிட்டு, மூடிவிட்டு, என்னைச் சும்மா இருந்தவள் என்று எழுத உட்கார்ந்தாயே. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. நீ இந்நேரம் அந்த உறையைக் காலி செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ரூசேக்கு வந்தேன். உன் கடிதங்களையும் என் நகல்களையும் எடுத்துக்கொண்டு மேல்மாடி ஏறினேன். கெர்கானா கதவைப் பாதி திறந்து, நின்றபடியே படித்தாள். பிறகு முழுக்கத் திறந்தாள். அசேன் மேசையில் தாளை வைத்து, நகராமல் இருக்க உப்புக் குடுவையை அதன்மேல் வைத்துப் படித்தான். ஒரு கையால் அப்படித்தான் படிக்க முடியும். நான் கிளாஸை வாங்கியதையும் சொன்னேன். உப்புக் குடுவையை எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் ஒரு முறை படித்தான். கடைசியில், "ஒண்ணாந்தேதி அவரு பேர் நாளு இல்ல, நெவேனாக்கா?" என்று கேட்டான்.

"ஆமா" என்றேன்.

"கதவு தெறந்துதான இருக்கும்?"

வெள்ளிக்கிழமை நாங்கள் மூவரும் வருகிறோம். நகத்தளவு என்று நீ எழுதிய கடிதத்தையும் கொண்டு வருகிறோம், ருமியானாவுக்கும் வந்திருப்பவர்களுக்கும் அசேனே படித்துக் காட்டுவான். அழைக்கவில்லையே என்று நீ சங்கடப்பட வேண்டாம், அன்றைக்கு யாரையும் அழைப்பது கிடையாது. வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் கிடையாது.

அசேனின் கிளாஸை இடது பக்கம் வை.

நெவேனா