ஒரே ஸ்பூன்

விவேக் நகர், செவ்வாய் இரவு

கிரெஷில் எட்டுப் பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்து, ஒரே கிண்ணத்துத் தயிர்சாதத்தை ஒரே ஸ்பூனால்தான் ஊட்டுவேன். அப்போதுதான் போட்டி போட்டுச் சாப்பிடுவார்கள். இன்று தியா மட்டும் ‘பேடா, பேடா’ என்று கன்னடத்தில் மறுத்தாள். அதட்டி ஊட்டினேன். அடுத்த வாய் கபிலனுக்கு. இதய ஆபரேஷன் முடிந்து இந்த வாரம்தான் திரும்பி வந்தவன்.

கை கழுவிவிடும்போதுதான் தியாவின் உள்ளங்கையில் கொப்புளங்களைப் பார்த்தேன். வாய்க்குள்ளும் இருந்தன.

அவள் அம்மாவுக்கு போன் செய்தேன். “காலைல ஜுரம் இருந்துச்சு மிஸ். லீவு கிடைக்கல, சிரப் குடுத்து அனுப்பிட்டேன்” என்றாள். “அறிவிருக்கா?” என்று கத்திவிட்டேன்.

ஒரு குழந்தைக்குக் கொப்புளம் என்று எல்லா அம்மாக்களுக்கும் வாட்ஸ்அப்பில் போட்டேன். கபிலனின் அம்மாதான் முதலில் பதில் போட்டாள். “நல்லவேளை சொன்னீங்க மிஸ். உங்ககிட்ட விட்டா எனக்குப் பயமே இல்ல.”

ஸ்பூனைப் பற்றி நான் எழுதவில்லை.