கைப்பிடி இல்லாத கதவு

என் ராசா, என் ராஜூத் தம்பி,

மாலா கல்யாணம் முடிஞ்சிருச்சு. நல்லபடியா முடிஞ்சதுன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. ஆனா உன் காருக்குள்ள, அதான் நம்ம பழைய காடிக்குள்ள, நடந்ததை உன்கிட்டதான் சொல்லணும்னு வெச்சிருந்தேன். மத்தவங்க படிச்சாலும் படிக்கட்டும், எனக்கென்ன பயம்?

முதல்ல உன்னைத் திட்டிக்கிறேன். பழைய காடியைப் புதுசாக்கறேன்னு உள்ளே இருந்த எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு, இப்படியா மார் வலின்னு படுத்து ஒரேயடியா போவ? சீட்டெல்லாம் தைக்கிற கடையில. குரோம் சாமான் அத்தனையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள. கதவுங்களோட உள்பக்கக் கைப்பிடி, கண்ணாடி ஏத்தி இறக்குற பிடி, ஹாரன் வளையம், ஆஷ்ட்ரே மூடி. துக்கத்துல யாரும் அந்த டின்னைத் தொடலை. கிள்ளான் கடல்காத்து சும்மா விடுமா? திறந்து பார்த்தா எல்லாத்துலயும் துருவும் கறையுமா பூத்துக் கிடக்கு.

நான் மூடி வெச்சிட்டுப் போயிருப்பேன். உன் மகதான் விடலை. "அத்தை, அப்பா காடியிலதான் நான் கோயிலுக்குப் போவேன். அம்மா முன் சீட்ல உக்காரணும். இல்லன்னா நான் வரலை லா"ன்னுட்டா. பிடிவாதத்துல அப்படியே உன்னை உரிச்சு வெச்சிருக்கா. அதைக் கேட்டு உன் பொண்டாட்டி பார்வதி முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். தாலி அறுத்தவ கல்யாணக் காடியில முன்னால உக்காரலாமான்னு அவளுக்குப் பயம்.

சீட்டைத் தைச்ச கடையில இருந்து வாங்கி மாட்டியாச்சு. டின்னைத் தூக்கிக்கிட்டு குரோம் பூசற கடைக்குப் போனேன். கடைக்காரத் தவுக்கே ஒவ்வொண்ணா திருப்பிப் பார்த்துட்டு கையை விரிச்சிட்டாரு. பெருநாள் நெருங்குது, கல்யாணத்துக்குள்ள முடியாதாம். மேலாப்புல இருக்கிற துருவை நீயே தேய்ச்சு எடுத்துக்கோன்னாரு. கேக் சுடற அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணியில நனைச்சுத் தேய்க்கணுமாம். கைப்பிடியெல்லாம் இரும்பு இல்லையாம், ஏதோ மட்டமான உலோக வார்ப்பாம், ஆசிட் பக்கமே கொண்டு போகாதேன்னு ரெண்டு தரம் சொன்னாரு.

தேய்ச்சேன். தோள்பட்டை கழண்டு போச்சு. அழுக்கு கறுப்பா வழிஞ்சுது, துணியால துடைச்சா உள்ளே பளபளன்னு இருக்கு. புள்ளி புள்ளியா அரிச்ச இடம் மட்டும் போகலை, போகாட்டிப் போகட்டும்னு மேல மெழுகு தேய்ச்சு வெச்சேன். ஹாரன் வளையத்துல என் மூஞ்சி தெரிஞ்சப்போ எனக்கு அழுகை வந்திருச்சு. கைப்பிடிகளை மறுநாள் பார்த்துக்கலாம்னு விட்டுட்டு என் வீட்டுக்குப் போயிட்டேன்.

காலையில உன் வீட்டுக்கு வந்து பார்க்கறேன், குசினியில அடுப்போரமா பேசின் நிறைய புளித்தண்ணி. உப்பும் புளியும் கரைச்சு, குத்துவிளக்கை ஊற வெக்கிற மாதிரி, பார்வதி ராத்திரியே கைப்பிடிகளை ஊறப் போட்டிருக்கா. எடுத்தா கருகருன்னு இருக்கு. குரோம் ஏடு ஏடா உரிஞ்சு வருது. நாலுல மூணு எப்படியோ தாக்குப்பிடிச்சுது. இடது பக்கம் பின் கதவோட கைப்பிடி, மாட்டும்போதே கழுத்தோட முறிஞ்சு என் கையில வந்திருச்சு.

"பித்தளையாடி இது, புளியில போட? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"ன்னு கத்திட்டேன்.

அவ முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னா. "பந்தக்கால்கிட்ட வராதேன்னாங்க. மஞ்சள் இடிக்க வராதேன்னாங்க. இது கல்யாணச் சாமான் இல்லையே அண்ணி, இதையாச்சும் நான் தொடலாம்னு நெனச்சேன்."

அவ மேல இருந்த கோபம் அப்படியே அவளை வராதேன்னு விரட்டின பெரிய மனுஷிங்க மேல திரும்பிருச்சு. பெத்த மகளுக்கு மஞ்சள் இடிக்கக் கூடாதுன்னு சொல்ல இவங்க யாரு?

என் வீட்டுக்காரர், உன் அத்தான், சுங்கை பூலோ பக்கம் ஒரு பழைய காடிப் பட்டறையில அலசி, அதே மாதிரி கைப்பிடி ஒண்ணு கொண்டாந்தாரு. அதுலயும் கறைதான். தேய்ச்சு சுத்தம் பண்ணி வெச்சேன். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பார்வதி கடைசியா ஒரு முடிவுக்கு வந்தா. "மாலாவுக்காக முன்னால உக்காந்து வரேன் அண்ணி. ஆனா கோயில்ல இறங்க மாட்டேன். எல்லாரும் உள்ளே போன பிறகு பின்வாசலால வந்துடறேன்."

காலையில திருப்புளியும் கையுமா அந்தக் கதவுகிட்ட போனேன். பின்வாசலால வரேன்னு அவ சொன்னது காதுலயே நின்னுச்சு. அப்புறம் கைப்பிடியை என் கைப்பைக்குள்ள போட்டுக்கிட்டேன். "மாட்டலையா?"ன்னாரு உன் அத்தான். "பொருந்தலை"ன்னேன்.

கிள்ளான்ல இருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் கோயில் வரைக்கும் என் உயிர் என்கிட்ட இல்லை. பார்வதி இறங்க மாட்டேன்னு உக்காந்துட்டா? பொண்ணு காடியிலேயே அடைஞ்சு கிடந்தா மாப்பிள்ளை வீட்டார் முன்னால மானம் போயிருமே. வெளிய இருக்கிற யாராச்சும் முந்திக்கிட்டுத் திறந்துட்டா? பக்கத்துல மாலா சிரிச்சுக்கிட்டு வர்றா, நான் கைப்பையை மடியில அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வர்றேன்.

காடி கோயில் வாசல்ல நின்னுச்சு. நாதஸ்வரம் ஆரம்பிச்சாச்சு. ஆரத்தித் தட்டோட பொம்பளைங்க வரிசையா நிக்கறாங்க. மாலா கதவைத் தடவிட்டு, "அத்தை, கைப்பிடியைக் காணோமே"ங்கறா. என் பக்கக் கதவைத் திறக்க வழியில்லை, லோரியும் பஸ்ஸும் உரசிக்கிட்டுப் போகுது. காடி ஓட்டிக்கிட்டு வந்த உன் அத்தான் இறங்கப் பார்த்தாரு. சட்டைக் காலரைப் பிடிச்சு உக்கார வெச்சேன்.

"பார்வதி, இது உள்ளே இருந்து திறக்காது. நீ இறங்கித் திறந்து விடு."

அவ திரும்பி என்னைப் பார்த்தா. அவளுக்குப் புரிஞ்சிருச்சு. "வேணாம் அண்ணி, நல்ல காரியம்"ன்னா.

"உன் மகதானே. நேரம் போகுது"ன்னேன். வெளிய ஒரு ஆன்டி, பொண்ணு ஏன் இறங்கலைன்னு கேட்டுக்கிட்டே எங்க பக்கம் வர ஆரம்பிச்சாங்க. போச்சு, எல்லாம் கெட்டுச்சுன்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

முன் கதவு திறக்கிற சத்தம் கேட்டுச்சு.

பார்வதி இறங்கினா. பின் கதவைத் திறந்தா. கையை நீட்டினா. மாலா அந்தக் கையைப் பிடிச்சு இறங்கினவ, அப்புறம் விடவே இல்லை. ஆரத்தி எடுக்கிறவங்க தட்டோட திகைச்சு நின்னாங்க. மாலா நகரலை, அம்மாவையும் நகர விடலை. கடைசியில தட்டு சுத்துச்சு, ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் சுத்துச்சு.

நீ இருந்திருந்தா என்ன சொல்லியிருப்ப? பொருந்தலைன்னு நான் சொன்ன பொய்யைக் கண்டுபிடிச்சிருப்பியா?

அடுத்து பேரப்புள்ளைக்குக் காதுகுத்து வரும். அதுக்குள்ள எல்லாக் கதவுக்கும் கைப்பிடி மாட்டிருவேன். ஆனா அன்னைக்கும் முதல்ல இறங்கப் போறது உன் பார்வதிதான். தடுக்க நினைக்கிறவங்க என்னைத் தாண்டித்தான் அவகிட்ட போகணும். இது உனக்கு நான் குடுக்கிற வாக்கு.

உன் கூடப் பிறந்தவ,
பார்வதிக்கும் இனிமே அக்கா