மாமாவின் இரண்டு டிரா

ஆம்பூர்,
3 ஆகஸ்ட் 2025

போர்த்துகல் நாட்டுக் காலணிகளின் மகாராணி, என் அக்கா பெற்ற அதிசயம் பிரிசில்லாவுக்கு,

மாமன் தேவசகாயம் எழுதுவது. நீ இல்லாமல் ஆம்பூரே அழுததில் பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறது. மழை என்று சொல்லி எல்லோரும் சமாளிக்கிறார்கள். வாட்ஸப்பில் நீலக் கோடு ரெண்டு விழுகிறதே தவிர பதிலைக் காணோம். அதனால்தான் காகிதம்.

ரெண்டு வருஷத்துக்கு முன் காட்பாடி ஸ்டேஷனில் நீ சொன்னாய்: “அழாதீங்க மாமா. செஸ்ல ஒரு ரேட்டிங் வாங்குங்க, வாங்கின கையோட வந்து உங்ககூட ஆடுறேன்.” வேலூரில் அடுத்த மாதம் போட்டி. பேர் கொடுத்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் நான் களமிறங்குவது தெரிந்து ரஷ்யாவில் சிலர் ஆட்டத்தையே விட்டுவிட்டதாகக் கேள்வி. அந்த ரேட்டிங்கை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பது மட்டும்தான் புரியவில்லை. எழுது.

இப்போதைக்கு வீட்டில் ரெண்டு பக்கமும் நானே ஆடுகிறேன். ரெண்டு பேருமே தோற்கிறோம்.

உலகின் தலைசிறந்த தாய்மாமன்,
தேவசகாயம்


போர்த்தோ,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமா,

டிசைன் ரூமில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கணக்கு இதுதான். ஏற்கெனவே ரேட்டிங் உள்ள ஐந்து பேரோடாவது ஆட வேண்டும். அரைப் புள்ளிகூட எடுக்காவிட்டால் அந்தப் போட்டியே கணக்கில் சேராது. எடுத்துவிட்டால், உங்களோடு ஆடியவர்களோடு 1800 ரேட்டிங் உள்ள கற்பனை ஆட்கள் இரண்டு பேரையும் சேர்ப்பார்கள். அவர்களோடு நீங்கள் டிரா செய்ததாக வைத்துக்கொள்வார்கள். எல்லோருடைய சராசரியையும் எடுத்து, உங்கள் புள்ளிக்குத் தகுந்தபடி கூட்டுவார்கள், இல்லை குறைப்பார்கள். 1400க்குக் கீழே வந்தால் உலக ரேட்டிங் பட்டியலில் பெயர் வராது.

நான் நன்றாக இருக்கிறேன். வாராவாரம் சனிக்கிழமை கிளப்பில் ரேட்டிங் ஆட்டம் ஆடுகிறேன். நிறைய நண்பர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
பிரிசில்லா


ஆம்பூர்,
29 செப்டம்பர் 2025

தோல்விக்குத் தோல்வி தந்தவனின் மருமகளுக்கு,

வேலூர் விழுந்தது. கோட்டை அகழியில் மீன்கள் கைதட்டின.

முதலில் ஒரு குழப்பம். நம் ஷூ கம்பெனி வருகைப் பதிவு மஸ்டரில் வேலைக்கே வராதவன் பேரைக் காண்ட்ராக்டர் எழுதிவைப்பான் இல்லையா, உன் கற்பனை ஆட்களையும் அப்படித்தான் நினைத்தேன். பேர் மஸ்டரில் இருந்தால் ஆள் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்? நடுவர் ரஃபத் ஜஹான் மேடத்திடம் போய், அந்த 1800காரர்கள் ரெண்டு பேரும் எந்த டேபிள், பார்த்து ஒரு வணக்கம் வைக்கிறேன் என்றேன். அந்தம்மா சிரித்துச் சிரித்து ஒரு ரவுண்டே தாமதமாகத் தொடங்கியது.

அப்புறம் வரிசையாக நாலு தோல்வி. கடைசி ஆட்டம், பேரணாம்பட்டில் தோல் வியாபாரம் பண்ணுகிற ஜியாவுல்லா பாயோடு. மேடம் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்: எதிராளிகள் ஐந்து பேரின் சராசரி 1500, டிரா எடுத்தால் 1356, பட்டியலில் இடமில்லை, ஜெயித்தால் 1428. பாதி ஆட்டத்தில் பாய், “சார், டிரா வச்சிக்கலாமா? போய் டீ குடிக்கலாம்” என்றார்.

“எனக்கு ஏற்கெனவே ரெண்டு டிரா இருக்கு பாய். மூணாவத வச்சிக்கிட்டு இன்னா பண்றது?” என்றேன்.

நாலும் தோற்றவனுக்கு ரெண்டு டிரா எங்கிருந்து வந்தது என்று யோசித்தபடியே தன் யானையை என் குதிரை வெட்டுகிற கட்டத்தில் வைத்தார். அவ்வளவுதான்.

அந்தக் கற்பனை ஆட்கள் ரெண்டு பேரும் இல்லாவிட்டால் வெறும் 1260தானாம். வராதவர்கள்தான் என்னைத் தூக்கிவிட்டார்கள். ரெண்டு பேருக்கும் உன் பேரையே வைத்துவிட்டேன். எப்போது வருகிறாய்? உன் அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன்.

1428 தேவசகாயம்


போர்த்தோ,
20 அக்டோபர் 2025

அன்புள்ள மாமா,

வாழ்த்துகள். எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அன்றைக்கு ஸ்டேஷனில் உங்கள் அழுகையை நிறுத்தத்தான் அப்படிச் சொன்னேன். இவ்வளவு தூரம் போவீர்கள் என்று நினைக்கவில்லை. இங்கே இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கிறிஸ்துமஸுக்கும் லீவு இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

பிரிசில்லா


ஆம்பூர்,
3 நவம்பர் 2025

பிரிசில்லா,

பட்டியல் வந்துவிட்டது. என் பேரைப் பார்த்தேன். அப்புறம் ஆசைக்கு உன் பேரையும் தேடினேன். 1652. பக்கத்தில் இன்ஆக்டிவ் என்று போட்டிருந்தது. ரஃபத் மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒரு வருஷமாக எங்கேயும் ரேட்டிங் ஆட்டம் ஆடவில்லை என்று அர்த்தமாம். அவரே தேடிப் பார்த்தார். ஊரை விட்டுப் போனதிலிருந்து உனக்கு ஒரு ஆட்டமும் இல்லையாம்.

புளுகுவது நம் குடும்பத்தில் என் இலாகா. நீ ஏன் அதில் கை வைத்தாய்?

கோபம் இல்லை. சனிக்கிழமைகளில் நீ என்னதான் செய்கிறாய் என்று நேற்று முழுக்க யோசித்தேன். அறையில் தனியாக இருக்கிறாயா? அக்காவிடம் சொல்லவில்லை.

எனக்காக வர வேண்டாம். ஸ்டேஷனில் நீ சொன்னதை நானும் விட்டுவிட்டேன். அந்த ஊரில் கிளப் என்று ஒன்று நிஜமாகவே இருக்கும். விசாரித்துப் போ. எதிரே யாராவது உட்காரட்டும். பாஷை தெரியாவிட்டாலும் ஆட்டம் நடக்கும்.

ஒரு ரேட்டிங் ஆட்டம் ஆடினால் இன்ஆக்டிவ் என்ற அந்த வார்த்தையை எடுத்துவிடுவார்களாம். மாதாமாதம் ஒன்றாம் தேதி பட்டியலைப் பார்ப்பேன்.

ஜெயித்தால் எழுது. தோற்றால் போன் பண்ணு.

மாமா