கையெழுத்தில்லாத ஜெபச் சீட்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், நீயும் மருமகளும் அப்படியே இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறோம். உன் இருமல் விட்டதா? மூன்று வாரம் தாண்டிய இருமலுக்கு மருந்துக்கடைக்காரர் தரும் சிரப்போடு நிறுத்தாதே, ஒரு டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கட்டும். அப்பாவுக்குச் சுகர் கூடியிருக்கிறது. ஊருக்கெல்லாம் சுகர் பார்க்கிறவள் வீட்டில் இனிப்பு டப்பா பீரோவில் துணிக்கடியில் இருந்தது, கேட்டால் எலி கொண்டுபோய் வைத்திருக்கும் என்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். எனக்கு அது நன்றாகவே வருகிறது என்று இந்த மாதம் தெரிந்துகொண்டேன், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன்.

ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் சபை நர்ஸாக உட்காரும் அறையை நீ பார்த்திருக்கிறாய், பாடகர் அங்கிகள் தொங்கும் அந்தச் சின்ன அறைதான். ஆராதனை முடிந்ததும் வரிசையாக வருவார்கள், பிரஷர் பார்க்க ஐந்து நிமிஷம், மனதிலிருப்பதைக் கொட்ட இருபது நிமிஷம். இங்கே சொன்னது இந்தக் கதவைத் தாண்டாது என்று எல்லாரிடமும் சொல்லுவேன். ஸ்கூல் வேன் ஓட்டுகிற தம்பி, என் பிரஷர் மெஷினைப் பொய் மெஷின் என்று கேலி பண்ணுவானே, அவன் இரண்டு மாதம் முன்னால் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான், சிக்னலில் நிற்கும்போது ஒரு நிமிஷம் எங்கே இருக்கிறேன் என்றே தெரியல சிஸ்டர், பின்னால ஹாரன் அடிச்சுத்தான் முழிச்சேன், இது ரெண்டாம் தடவை என்று. வேனில் பதினாறு பிள்ளைகள். வண்டியைத் தொடாதே, டாக்டரிடம் போ என்று மூன்று ஞாயிறு கெஞ்சினேன். பரீட்சை முடியட்டும் சிஸ்டர் என்றான். நீ சொல்லாவிட்டால் நானே ஸ்கூலில் சொல்லுவேன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். அவன் இனி என்னை நம்பமாட்டானே என்று பயந்தேன்.

அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன். ஜெப விண்ணப்பப் பெட்டியில் விழும் நோய்ச் சீட்டுகளை முன்கூட்டியே பார்த்து, ஆளை அடையாளம் காட்டுகிற வார்த்தைகளைப் பேனாவால் அடித்துவிட்டுத் தருவது என் பொறுப்பு. போதகர் கையில் கொடுப்பதை அப்படியே படிப்பார், படித்ததும் கிழித்துப்போடுவார். வேன் ஓட்டும் சகோதரருக்கு அடிக்கடி நினைவு தப்புகிறது, ஜெபியுங்கள் என்று நானே எழுதி, எதையும் அடிக்காமல், மற்ற சீட்டுகளோடு வைத்துவிட்டேன். எங்கள் சபையில் வேன் ஓட்டுகிறவன் அவன் ஒருவன்தான். போதகர் படித்தார், சபையே ஆமென் சொன்னது. பெற்றோர் பலர் அங்கேதான் இருந்தார்கள், மறுநாள் காலையில் ஸ்கூலில் சொல்லி வேன் சாவியை வாங்கிவிட்டார்கள். டாக்டர் பார்த்து இது வலிப்பில் ஒரு வகை, மாத்திரையில் அடங்கும், ஆனால் இப்போதைக்கு வண்டி கூடாது என்றாராம். பிள்ளைகள் தப்பித்தார்களே, கிளறாதே என்கிறார் அப்பா. அங்கே முடிந்திருந்தால் நானும் கிளறியிருக்க மாட்டேன்.

அவன் தன் மனைவிதான் எழுதினாள் என்று நினைக்கிறான். விஷயம் தெரிந்தது இரண்டே பேருக்கு, சிஸ்டர் வாயைத் திறக்கமாட்டாங்க, அப்போ நீதான் என்று சொல்லிவிட்டானாம். மூன்று வாரமாக அவளோடு பேச்சு இல்லை, அவள் வைத்த சோற்றைத் தொடுவதில்லை. போன ஞாயிறு என் முன்னால் உட்கார்ந்து, நான் சத்தியமா எழுதல சிஸ்டர், நீங்க சொன்னா நம்புவார், ஒரு வார்த்தை சொல்லுங்க, இல்லாட்டி பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவேன் என்று அழுதாள். பிரஷர் நூற்றெழுபது. நான் என்ன செய்தேன் தெரியுமா, உப்பைக் குறைம்மா என்று சொல்லி அனுப்பினேன். வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான். அவள் போனபிறகு அடுத்த ஆளை வரச் சொல்லாமல் மெஷினைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

பிள்ளைகளை நினைத்தால் எழுதியது சரி என்றே இன்றும் தோன்றுகிறது. ஒளிந்துகொண்டு எழுதியதும், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தும் சும்மா இருந்ததும்தான் என்னைத் தின்கிறது. நாளை சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய் இருவரையும் வைத்துச் சொல்லப்போகிறேன், பிறகு போதகரிடம். அந்த அறையில் இனி நான் உட்காருவேனா என்பது அவர்கள் முடிவு. ஏற்கனவே இரண்டு தடவை அவர்கள் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். அதனால்தான் முதலில் உனக்கு எழுதி, இப்போதே தபாலில் போட அப்பாவை அனுப்புகிறேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் கண்மணிபோல் காக்கட்டும். மருமகளுக்கு என் முத்தங்கள். மறக்காமல் ஒன்று செய், அடுத்த தடவை போன் பண்ணும்போது என் முட்டிவலியை விசாரிக்காதே. சொன்னாயா அம்மா என்று மட்டும் கேள்.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டிருக்கும்,
அம்மா